குண்டெழுத்து ராவுத்தர்

மர அச்செழுத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். மேலிருந்து கீழே ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. பிசிறு தட்டினால் உப்புத்தாளை எடுக்கிறார். தட்டாவிட்டால் கட்டை இரும்புச் சட்டத்துக்குள் போகிறது. "இது காய்ச்சுப்போன கை வாத்தியாரய்யா, பொய் சொல்லும். கன்னம் சொல்லாது" என்கிறார். இதனால் சிஹாபுதீன் ராவுத்தரின் வலது கன்னத்தில் எப்போதும் ஏதாவது ஓர் எழுத்து மங்கலாக ஒட்டியிருக்கும். பீடி பற்றவைக்கத் தெருவுக்கு வரும்போது ஒரு நாள் 'கு', ஒரு நாள் 'ப'. கட்டையில் இடம்வலம் மாறி இருப்பது கன்னத்தில் நேராக விழுந்திருக்கும்.

மதுரை சிம்மக்கல்லிலிருந்து வைகைக்கு இறங்கும் சந்தில் அந்த அச்சுக்கூடம் இருக்கிறது. எங்கள் ஆசிரியர் சங்கத்து மாதப் பத்திரிகை அங்கேதான் அச்சாகிறது. பிழை திருத்தப் போகும் சாக்கில் இரண்டு வருஷமாக அவரைப் பார்த்து வருகிறேன். ஐம்பதைத் தாண்டியவர். எழுத்தெல்லாம் குண்டாக இருக்க, அதைச் செய்தவர் மட்டும் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பார். தேநீர் குடிக்கமாட்டார், சுக்குக் கஷாயம்தான். முப்பது வருஷம் மாறிய எழுத்தையே படித்துப் பழகியதால், நேரான எழுத்தைப் படிக்க அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்.

ஈய எழுத்துக் கோர்க்க வேறு நாலு பேர் இருக்கிறார்கள். மர எழுத்து முழுக்க அவருடையது. பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாடகக் கம்பெனிக்காரர் வந்து, ஓடுகிற ஜட்காவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுத்து வேண்டும் என்று கேட்டாராம். ராவுத்தர் மஞ்சணத்திக் கட்டை வாங்கி, காயவைத்து, எட்டு மாதம் செதுக்கினார். அந்த எழுத்துகளில் எங்கேயும் மூலை கிடையாது. "மூலை இருந்தா கண்ணு அங்கன போயி முட்டி நின்னுக்கிரும். இதுல நிக்க எடமில்ல, உருண்டுக்கிட்டே போகும்." மூலையே உடம்பாகக்கொண்ட 'ட'கூட அவர் கையில் முழங்கையை மடக்கிப் படுத்திருக்கும். 'ப' மாட்டுத்தொட்டி. 'லை'யின் துதிக்கை, கரும்பு தின்ற யானையுடையது. கருப்பு அதிகம், உள்ளே இருக்கும் வெள்ளை குறைவு. 'ம'வின் வயிற்றுக்குள் ஒரு கீற்று மட்டும், பாதி மூடிய கண்போல. ஒரு நாள் அச்சடித்த ஈரத்தாள்கள் கொடியில் வரிசையாகத் தொங்கும்போது அதற்குக் கீழே உட்கார்ந்து பிழை திருத்தினேன். ஏனோ இரண்டு முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு நாற்காலியை வெளியே போட்டுக்கொண்டேன்.

நாடகம், மாட்டுச் சந்தை, சோடாக் கம்பெனி, ஜவுளித் தள்ளுபடி, காலரா வந்தால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் அந்த எழுத்துத்தான். கலியாணத்துக்குத் தரமாட்டார். "பொண்ணு மொகத்தவிட எழுத்து பெரிசா இருக்கும். கோர்ட்டு நோட்டீஸுக்கும் ஆகாது, சிரிப்பாணியாப் போயிரும்." படிக்கத் தெரியாத வண்டிக்காரர்களுக்கும் அதைத் தெரியும். சுவரில் பார்த்ததும், ஊரில் என்னமோ நடக்கப் போகிறது என்று ஆளை நிறுத்தி விசாரிப்பார்கள்.

போன தை மாதம் தல்லாகுளத்து ஜவுளி வியாபாரி ஒருவர், தம் பெயரையே குண்டெழுத்தில் போடவேண்டும் என்று வந்தார். ராவுத்தர் கட்டையைக் கீழே வைத்தார்.

"ஜவுளின்னு போடுறேன். பட்டுன்னு போடுறேன். ஆளு பேரு வேணாம்ணே."

"ஏன்யா, எம் பேருக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. அந்தப் பேருக்கு எம்புட்டுப் பேரு இருக்காகளோ, நமக்கு என்ன தெரியும்?"

வியாபாரி முறைத்துக்கொண்டு போனார். முதலாளி வெங்கட்ரமணன் தடுக்கவில்லை. இத்தனைக்கும் வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அல்ல அவர். நான் காரணம் கேட்டேன். ராவுத்தர் மூன்று மாதம் கழித்துச் சொன்னார், அதுவும் துண்டு துண்டாக. இங்கே கோர்த்துத் தருகிறேன்.

ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்த வருஷம், சித்திரை மாதம். பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து தப்பியவர்கள், கல்கத்தாவும் சென்னையும் கடந்து, மதுரை ஸ்டேஷனில் தினமும் பத்து இருபது பேராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் ராக்கம்மாள் என்ற பெண் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர். ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஆட்களின் பெயரை எழுதுவதில் ஆபத்தில்லை, அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு மலையாண்டி இருக்கிறார்கள்.

அவள் புருஷன் மலையாண்டி, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவன் கப்பல் ஏறியபோது வயிற்றிலிருந்த பெண்ணுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. முதல் இரண்டு வருஷம் யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டான். அதன்பின் ஒன்றுமில்லை.

"ஸ்டேசன்ல நாலு நாளா நின்னு பாத்தேன். எறங்குறவுக அம்புட்டுப் பேருக்கும் ஒரே மொகமா இருக்கு. பேரப் போட்டு ஒட்டுனா அவுகளா வந்துருவாக" என்றாள்.

சின்னத் துண்டுப் பிரசுரம் போதும் என்றார் வெங்கட்ரமணன். அவள் சுவரில் ஒட்டியிருந்த நாடக நோட்டீஸைக் காட்டினாள்.

"இம்புட்டுப் பெரிசா வேணும்."

"உன் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே பெரிய எழுத்து எதுக்கம்மா?"

"தெரிஞ்சவுக யாராச்சும் படிப்பாகல்ல. எழுத்து பெரிசா இருந்தா சத்தமாப் படிப்பாக. அவுக காதுல விழும்."

கதையின் இந்த இடத்தில் ராவுத்தர் நிறுத்தி, "முப்பது வருசத்துல இத எவனும் எனக்குச் சொன்னதில்ல" என்றார். அன்றைக்கு அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து பெட்டியைத் திறந்தாராம். 'மலையாண்டி வா' என்று போட ஒரு துணைக்கால் குறைந்தது. அவளை உட்காரவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செதுக்கினார். அடியில் ஈய எழுத்தில், 'உன் மனைவி ராக்கம்மாளும் மகளும் காத்திருக்கிறார்கள்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே அச்சுக்கூடத்தின் முகவரி. யுத்தத்தில் காகிதம் கிடைக்கவில்லை. மிச்சம் கிடந்த மெல்லிய ரோஸ் தாளில் முப்பது அடித்து, ஸ்டேஷன், சத்திரம், பஸ் நிற்கும் இடம் என்று இருவரும் சேர்ந்து ஒட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் உச்சிவேளையில் ஒருவன் வந்து வாசலில் நின்றான். காலில் துணி சுற்றியிருந்தான். அவன் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னையக் கூப்பிட்டிருந்தீகளாம்."

ராவுத்தர் எழுந்து வந்தார். "ஒம் பேரு மலையாண்டியா?"

அவன் சுவரில் தொங்கிய மாதிரித் தாளைப் பார்த்தான். "அப்படித்தான் போட்டிருக்காமுல்ல."

"சம்சாரம் பேரு?"

"ராக்கம்மா."

"பிள்ள?"

"மக ஒண்ணு."

"ஊரு?"

ஊர் மட்டும் நோட்டீஸில் இல்லை. அவன் தன் காலைப் பார்த்தபடி, "நடந்த நடையில மறந்துபோச்சுண்ணே" என்றான். பிறகு உள்ளே வந்து, ரோஸ் தாளில் விரலை வைத்து, 'ம'வில் தொடங்கி எழுத்தெழுத்தாகத் தடவினான். 'வா' வந்ததும் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"அப்பவே எனக்குத் தெரியும் வாத்தியாரய்யா. நூத்துக்குத் தொண்ணூறு தெரியும்" என்றார் ராவுத்தர். "ஆனா போடான்னு சொல்ல நாக்கு வரல. அவன் நின்ன நெலை அப்படி."

திருமங்கலம் வரை பஸ். பிறகு நாலு மைல் நடை. கரிசல் வெடித்துக் கிடந்த காட்டில் நிழல் என்று எதுவும் இல்லை. அவன் பத்தடி பின்னாலேயே வந்தான். ராவுத்தர் திரும்பிப் பார்த்தால் அவனும் நின்றுவிடுவான். பாதி வழியில், "அவ எப்படி இருப்பாண்ணே?" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. ராவுத்தர் காதில் விழாதவர்போல நடந்தார்.

ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஒற்றை வீடு. ராக்கம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இவராம்மா?" என்று கேட்க ராவுத்தர் வழியெல்லாம் வைத்திருந்த வார்த்தை வெளியே வரவில்லை.

"வந்துட்டீகளா" என்றாள் கடைசியில். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, அவன் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து ஊற்றினாள். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையை இழுத்து, "அய்யா வந்திருக்காக, கும்பிட்டுக்க" என்றாள்.

ராவுத்தர் வீட்டுக்கு வந்து மனைவி ஜெயினம்புவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சோற்றுத்தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆரோ ஒருத்தனக் கூட்டிப்போயி ஒரு பொம்பள வீட்டுல விட்டுட்டு வந்திருக்கீகளே, அல்லா கேக்கமாட்டானா?" அன்று அவர் சாப்பிடவில்லை.

நோட்டீஸ்கள் சுவரில் இருந்தன. ஆடி மாதத் தூற்றலில் அடியிலிருந்த சின்ன எழுத்து அழிந்துபோயிற்று. பெயரும் 'வா'வும் மட்டும் நின்றன. குண்டெழுத்து யாருடையது என்று விசாரித்துக்கொண்டு இன்னொருவன் வந்தான். அவனுக்கு மனைவி பெயர்கூடத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். ராவுத்தர் அவனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரத்தில் மூன்றாமவன் வந்தான். வயது இருபதுகூட இருக்காது. "நான் அவுக இல்லண்ணே. யாரும் வராட்டி, நான் போகட்டுமா?" என்று கேட்டான்.

அன்றே ராவுத்தர் வாளியும் தகரத் துண்டும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போய் எல்லாவற்றையும் சுரண்டினார். காகிதம் வந்துவிட்டது. மெல்லிய தாள் ஆனதால் மையின் எண்ணெய் சுண்ணாம்புக்குள் இறங்கியிருந்தது. சுரண்டிய சுவரில் வெறும் கறையாக அதே பெயர் அதே அளவில் இருந்தது. சத்திரத்துச் சுவரை வெள்ளையடிக்கும் வரை இருந்தது என்கிறார்.

ஐப்பசியில் நாலாமவன் வந்தான். கனத்த ஆள், நெற்றியில் வெட்டுத் தழும்பு. ராவுத்தர் தலையைத் தூக்காமலே, "போய்யா. இதோட நாலாவது ஆளு நீ" என்றார்.

"நாலாவதா?" என்றான் அவன். மெல்ல அச்சு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்ப மத்த மூணு பேரு யாரு பாய்?"

அந்தக் கேள்வியில் ராவுத்தர் நிமிர்ந்தார். அவன் ஊரின் பெயரைச் சொன்னான். தோட்டத்துக் கிணற்றில் எத்தனை படி, எந்தப் படி உடைந்தது, தழும்பு எந்த நிலைப்படியில் இடித்து வந்தது, எல்லாம் சொன்னான். ராவுத்தர் முதலாமவனைப் பற்றி அவனிடம் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். "நீங்க எதுக்கு வாரீக?" என்று அவன் கேட்டதற்கு, "நான் கூப்பிட்ட ஆளு நீ. நாந்தான் கொண்டுபோயி விடணும்" என்றாராம்.

இந்த முறை அவன் முன்னால் நடந்தான். வழி கேட்கவில்லை. வண்டித்தடத்தை விட்டு இறங்கி, பருத்திக்காட்டின் குறுக்கே போனான். வாசலில் ராக்கம்மாள் நின்றிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்துபோனதை ராவுத்தர் பார்த்தார். ஆனால் அவள் அசையவில்லை.

"யாரும்மா இவுக?" என்றாள் பிள்ளை.

"தண்ணி கேட்டு வந்தவுக."

அவன் தண்ணீர் கேட்கவே இல்லை.

கிணற்றுப் பக்கமிருந்து முதலாமவன் வந்தான். கொஞ்சம் சதை பிடித்திருந்தான். பழைய கரைவேட்டி ஒன்றைக் கட்டியிருந்தான். வந்தவன் அந்த வேட்டியைத்தான் பார்த்தான், அது அவனுடையது. இருவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்போல நின்றார்கள். முதலாமவன் அவளிடம் தாழ்ந்த குரலில், "நான் கெளம்பிறவா?" என்றான்.

"கெணத்துல கமலை மாடு எறைக்காம சும்மா நிக்குது. போயிப் பாருங்க" என்றாள் அவள்.

அவன் போனதும் ராவுத்தரைப் பார்த்துப் பேசினாள். அவர் பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, ஏழு வருசமா இந்த வாசல்ல நின்னு வாயால கூப்பிட்டேன். வரல. காயிதத்துல கூப்பிட்டேன், இவரு வந்தாரு. வந்தது யாரு, யாரு இல்லன்னு மொத நாளே எனக்குத் தெரியும். எம்மக இப்பத்தான் அய்யான்னு கூப்பிடப் பழகியிருக்கு. இனிமே யாரையும் கூட்டியாராதீக."

பிள்ளை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கி முழுவதையும் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் தழும்பைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

திரும்பி வரும்போது இரண்டு மைல் நடந்த பிறகு அவனாகவே சொன்னான். ரங்கூனில் வேறொருத்தியோடு குடியிருந்தான். அதனால்தான் கடிதம் நின்றது. தப்பி வருகிற வழியில், மலைக்காட்டில், அவளுக்குப் பேதி கண்டது. எழுந்திருக்க முடியாமல் பாதையோரத்தில் கிடந்தாள். "எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தா பாய். கூட வந்தவுக நிக்கல. நானும் திரும்பிப் பாக்காம நடந்துட்டேன். வளைவு தாண்டியும் கேட்டுச்சு. இங்க ஸ்டேசன்ல ஒருத்தர் அந்த நோட்டீஸ சத்தமாப் படிச்சாரு. அவ குரலாட்டமே இருந்துச்சு. பயந்துபோயி, மூணு மாசம் அந்தப் பக்கமே போகல."

ராவுத்தர் அவனை அச்சுக்கூடத்துக்கே கூட்டிவந்தார். மிஷின் சக்கரம் சுற்ற ஆள் தேவைப்பட்டது. என்ன பெயர் எழுத என்று வெங்கட்ரமணன் கேட்டபோது, தன் தகப்பன் பெயரைச் சொன்னான், பேயாண்டி என்று. மூன்று வருஷமாகப் பேயாண்டிதான். நான் எத்தனையோ முறை அவனைப் பார்த்திருக்கிறேன். யாரோடும் பேசமாட்டான், சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றுவான். கூப்பிட்டால் இரண்டாம் குரலுக்குத்தான் திரும்புவான். காது மந்தம் என்று நினைத்திருந்தேன்.

ராக்கம்மாள் அடுத்த வருஷம் ஓர் ஆண்பிள்ளை பெற்றாள் என்று திருமங்கலத்து வண்டிக்காரர் ஒருவர் மூலம் சேதி வந்தது. அந்தச் சேதியைப் பேயாண்டியிடம் ராவுத்தர் சொல்லவில்லை. மர எழுத்துப் பெட்டியில் 'ம'வையும் 'லை'யையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைப்பதையும் விட்டுவிட்டார். "செஞ்சது தப்பா சரியா?" என்று என்னைத்தான் கேட்டார்.

போன வாரம் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். மாட்டுச் சந்தை நோட்டீஸ் அச்சாகிக்கொண்டிருந்தது. சந்தில் கைவண்டிக்காரர் ஒருவர், முன்னால் போகும் கூட்டாளியைக் கூப்பிட்டார். "ஏய் மலையாண்டி! நில்லுய்யா, வாரேன்!" உள்ளே சக்கரம் நின்றது. பேயாண்டியின் கை பிடியில் இருக்க, முகம் வாசல் பக்கம் திரும்பியது. வெளியே குரல் மறுபடியும், இன்னும் பலமாக, "மலையாண்டீ!" என்றது. ராவுத்தர் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மரச்சுத்தியை எடுத்து, எதிரே கிடந்த எழுத்து ஒன்றும் இல்லாத வெறும் இரும்புச் சட்டத்தின்மேல், அந்தக் குரல் சந்தின் முனையைக் கடந்து ஆற்றுப் பக்கம் போய் மறையும்வரை, ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தார்.